மறியாட்டுக்கு விசாரணையின்றித் தண்டனையா?

சினைமறி குறைக்குட்டி ஈன்றால் நம்மவர் பலர் செய்வது யாது? "ராசியற்றது" என்று பழித்து, அடுத்த கிழமையே இறைச்சிக்கு விற்றுவிடுகின்றனர். நீதிமன்றத்திலே கள்வனுக்குங்கூடத் தன் பக்கத்தை எடுத்துரைக்க உரிமையுண்டு. வாயில்லாச் சீவனுக்கோ விசாரணையே இல்லை. இத்தீர்ப்பு இரக்கமற்றது மட்டுமன்று. பல வேளைகளில் கமக்காரன் தன் முதலைத் தானே அழிக்கும் மடமையுமாகும்.

செம்மறியால் வாழ்ந்த நியூசீலாந்தின் கதையைக் கேளுங்கள். அங்கும் மறிகள் காரணந் தெரியாது கருவிழந்தன. அந்நாட்டார் ஆட்டைப் பழிக்கவில்லை. விழுந்த இளங்கொடியை ஆராய்ந்தனர். 1954ஆம் ஆண்டில் ஹார்ட்லி என்பாரும் அவர்தம் துணைவரும் அதனுள்ளே தொக்சோபிளாசுமா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணியின் தடயத்தைக் கண்டனர். புல் மேயும் ஆட்டின் வயிற்றுள் அது புகுந்த வழி யாது? 1965இல் கிளாஸ்கோ நகரின் ஹட்சிசன், பூனை மலத்தின் வழியே அது பரவுவதைக் காட்டினார். 1970ஆம் ஆண்டளவில் அதன் வாழ்க்கை வட்டம் முழுவதும் தெளிவாயிற்று.

முதன்முறை தொற்றுற்ற இளம்பூனை, ஓரிரு கிழமைக்குள் இந்நோயின் வித்துக்களை இலட்சோபலட்சமாய் வெளியேற்றும். ஈரமண்ணில் அவை ஓராண்டுக்கு மேலும் உயிர்த்திருக்கும். தவிட்டோடும் வைக்கோலோடும் அவை மறியின் வயிற்றையடைந்து, கருவையும் இளங்கொடியையும் தாக்குகின்றன. ஐந்து மாதச் சினையின் தொடக்கத்தில் தொற்றினால் கரு உள்ளேயே கரைந்துபோம். உடையவன் அதனை மலடென்பான். பின்னர்த் தொற்றினால் உலர்ந்த குட்டியோ செத்த குட்டியோ விழும்.

இனி, தீர்ப்பைப் புரட்டும் சாட்சியைக் கேளுங்கள். இந்நோயால் ஒருமுறை கருவிழந்த மறி, பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அதனை எதிர்க்கும் ஆற்றல் பெறுகின்றது. அடுத்த ஈற்றில் நல்ல குட்டி தரும். அதனை விற்றுப் புதுமறி வாங்குபவன், காப்புள்ளதைக் கொடுத்துக் காப்பற்றதைக் கொள்கின்றான்!

அப்படியாயின் பூனையைக் கொல்வதா? அதுவும் அநீதியே. நோயுற்றுத் தேறிய முதுபூனையால் ஆபத்து மிகக் குறைவு. பூனை பெருகாது தடுப்பதும், தீனியை மூடிவைப்பதுமே அறிவுடைமை.

ஆயினும், கருச்சிதைவு யாவும் இவ்வொட்டுண்ணியின் வேலையன்று. மறிக்கு மறி தொற்றும் வேறு நோய்களும் உள. ஆதலின் கருவிழந்த மறியைப் புறம்பாகக் கட்டுங்கள். விழுந்த குட்டியையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தீண்டாது, மிருக வைத்தியரிடம் சேர்ப்பியுங்கள். கருவுற்ற பெண்கள் அவற்றை அணுகலாகாது. மனிதக் கருவையும் இவ்வொட்டுண்ணி விட்டுவைப்பதில்லை.

கமக்காரன் இவ்வளவு செய்தால், அரசு செய்யவேண்டியது யாது? கொண்டுவந்த பொருளைக் கட்டணமின்றிச் சோதித்து, முடிவை அவன் மொழியில் எழுத்தில் அளிப்பது. நியூசீலாந்திலே, விழுந்த குட்டி ஒன்றிலிருந்து பெற்ற கிருமியைக் கொண்டே ஆய்வாளர் தடுப்பூசி ஆக்கினர். 1988இல் அது சந்தைக்கு வந்தது. அங்கே செத்த குட்டியும் சாட்சியாயிற்று. இங்கே அதனைப் புதைத்துவிட்டுத் தாயைக் கசாப்புக்கு அனுப்புகின்றோம். கமக்காரரே, சோதனையைக் கேளுங்கள். அது சலுகையன்று, உரிமை!