ஜூன் 22-ம் தேதி என்ன செய்யப் போறீங்க?

மக்கா, ஜூன் 21-ம் தேதி மைதானத்துல வரிசையா நின்னு போட்டோவுக்கு கையைத் தூக்கினோமே, அதை முதல் யோகா வகுப்புன்னு கணக்குல சேர்க்காதீங்க. அது வருகைப்பதிவு.

ஐ.நா. சபை 2014 டிசம்பரில் அறிவித்த நாள் அது. 2015 முதல் உலகமே கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் அத்தனை கூட்டத்தில் உங்க முதுகு வளைஞ்சிருக்கிறதை யாரு பாக்கப் போறா?

நிஜமான முதல் வகுப்பு சின்னதாத்தான் இருக்கும். சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுப் போங்க; ரசவடையை முழுங்கிட்டுப் போனா முதல் தடவை குனியும்போதே தெரிஞ்சிடும். இடுப்பு வலி, ஆஸ்துமா இருந்தா ஆசிரியர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. விருட்சாசனத்துல ஒத்தக் கால்ல நின்னா ஆடத்தான் செய்யும். நாம கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல படிச்ச ஃபீட்பேக் லூப்தான் அது: உடம்பு சாய, கணுக்கால் தசைகள் திருத்திக்கிட்டே இருக்கு. கண்ணை மூடினா இன்னும் ஆடும், ஒரு சென்சார் போச்சுல்லா! பக்கத்துல நிக்கவன் கால் விரலைத் தொட்டா தொட்டுட்டுப் போறான். உங்களுக்கு வலிச்சா நிறுத்துங்க.

கன்னியாகுமரியில் ஏக்நாத் ரானடே 1972-ல் தொடங்கிய விவேகானந்த கேந்திரத்தின் யோகா முகாமுக்கு வெளிமாநிலத்துக்காரங்க ரயிலேறி வாறாங்க. நமக்கு பஸ் தூரம்.

பகல் முழுக்க பெஞ்சு, ராத்திரி லேப்டாப்னு கூனிக் கிடக்கிற நமக்கு ஒரு நாள் விழா போதாது. வாரம் ரெண்டு சாயங்காலம், இருபது பேருக்கு ஒரு ஆசிரியர், வருகைப்பதிவு கிடையாது. வரவன் வரட்டும். விளையாட்டுக்குன்னு வருஷா வருஷம் நம்மகிட்ட வாங்குற கட்டணத்துல ஒரு ஆசிரியர் சம்பளம் தேறாதா?