எத்தனை டம்ளர் என்பதா கணக்கு?

2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். ஒன்பது சரக்கு சேர்ந்த கஷாயம். சித்த மருத்துவனான எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் ஒரு குறை. இன்றும் முகாம் முடிந்ததும் 'இத்தனை பேருக்குக் கொடுத்தோம்' என்று எழுதி முடித்துவிடுகிறோம். அது கொடுத்த கணக்கு. நோய் குறைந்த கணக்கு இல்லையே!

அடுப்பு மூட்டும் முன்பே வரிசை போட்டுக்கொள்ள வேண்டும்: வாங்கிய சரக்கு, காய்ச்சிய கஷாயம், குடித்தவர்கள், அவர்களில் டெங்கு வந்தவர்கள். ஒவ்வொன்றுக்கும் சாட்சி எது? சரக்குக்கு இருப்புப் பதிவேடு. குடித்ததற்கு வீட்டுக்கே போய் விசாரிப்பது. டெங்குவுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு. குடிக்காத தெருவையும் ஒப்பிடணும். கொசு ஒழிந்தாலும் டெங்கு குறையுமே!

நாடி பார்க்காமல் மருந்து தருவோமா? திட்டத்துக்கும் அப்படித்தான். பலன் தெரிந்தால் தைரியமாகச் சொல்லலாம்; தெரியாவிட்டால் முறையை மாற்றலாம். இரண்டுமே நம் வைத்தியத்துக்கு மரியாதைதான்.