பயில்வானும் பண்டிதரும்

உடல் பருத்தால் அறிவு சிறுக்கும் என்றொரு கொள்கை நம் கற்றோர் நடுவே நெடுங்காலமாக உலவி வருகிறது. எந்த நூலில் இதற்கு ஆதாரம் என்று வினவினால் விடை கிடையாது. ஆயினும், ஆதாரமுள்ள எத்தனையோ உண்மைகளைவிட இது ஆழமாக வேரூன்றி நிற்கிறது. அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் அன்பர் ஒருவர் பேசினார். இக்கால இளைஞர் நூலகத்தைத் துறந்து 'ஜிம்'முக்குப் படையெடுக்கின்றனராம். கண்ணாடி முன் நின்று தம்மைத் தாமே வியந்துகொள்கின்றனராம். இரும்பைத் தூக்குவோர் ஏட்டைத் தூக்குவதில்லையாம். அடுக்குமொழிக்கு அவை கைதட்டியது. நாம் தட்டவில்லை. அன்பர் அத்தகைய கூடம் ஒன்றின் படிக்கட்டிலேனும் கால் வைத்ததுண்டா என்ற ஐயமே நமக்கு மேலோங்கியது.

காணாததைக் கண்டதுபோல் பேசுவது கற்றோருக்கு அழகன்று. கேட்டதையெல்லாம் சொல்லித் திரியலாகாது, அறிவித்தவன் யார், அவன் நம்பத்தக்கவனா என்று துருவிப் பார்க்க வேண்டும் என மதரஸாவில் நமக்குப் பல்லாண்டு கற்பித்தனர். உடற்பயிற்சிக் கூடம் பற்றி நம்மவர் சொல்லும் செய்திகளின் அறிவிப்பாளர் தொடரைத் துருவினால் அது எங்கே போய் முடிகிறது? திரைப்படத்தில் முடிகிறது. தீயவனின் முதுகுக்குப் பின்னால், கையில்லாச் சட்டையோடு, வசனம் ஒன்றுமில்லாமல் நால்வர் நிற்பர்; ஒல்லியான கதாநாயகன் ஓங்கி ஒன்று விட்டால் நால்வரும் நான்கு திசைக்குப் பறப்பர். திரண்ட தோளுடையவன் ஒன்று அடியாள், அன்றேல் கோமாளி. இந்தப் படிமத்தை வைத்துக்கொண்டுதான் நம் பண்டிதர்கள் ஒரு தலைமுறைக்கே தீர்ப்பெழுதுகின்றனர்.

சொற்களைச் சற்றே நோக்குவோம். சொற்கள் பொய் சொல்வதில்லை. மராட்டியத்துக் கோலாப்பூரில் மற்போர் பயிலும் கூடத்துக்கு இன்றளவும் 'தாலீம்' என்றே பெயர். கங்காவேஷ் தாலீம், மோதிபாக் தாலீம் என்பன அவ்வூரில் புகழ்பெற்றவை. தாலீம் என்பது அரபுச் சொல். கற்பித்தல் என்பது அதன் பொருள். இல்ம், ஆலிம், முஅல்லிம் என்பன எந்த வேரில் கிளைத்தனவோ அதே வேரில் கிளைத்தது அது. மண்குழியில் மல்லுக்கட்டக் கற்கும் இடத்துக்கும் கிதாபு ஓதும் இடத்துக்கும் ஒரே பெயர் பொருந்தும் என்று அதற்குப் பெயரிட்டவர்கள் கருதினர். யவனரும் அவ்வாறே கருதினர். பிளேட்டோ கற்பித்த 'அகாடமி', ஏதென்சு நகருக்கு வெளியே இருந்த ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் பெயரே. அரிஸ்டாட்டிலின் லைசியமும் அத்தகைய இடந்தான். இன்று அறிஞர் பேரவைகள் அகாடமி என்று தம்மை அழைத்துக்கொள்ளும்போது, அப்பெயரில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் வியர்வையையும் எவரும் நினைப்பதில்லை. ஜெர்மனியில் உயர்நிலைப் பள்ளிக்கே கிம்னாசியம் என்றுதான் பெயர்.

உடற்பயிற்சிக்கு அரபியில் 'ரியாளா' என்பர். முரட்டுக் குதிரைக்குட்டியைப் பழக்கி வசப்படுத்துதல் அவ்வேரின் தொல்பொருள். இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் மன இச்சையை அடக்கிப் பண்படுத்தும் பகுதிக்குச் சூட்டிய பெயரிலும் இச்சொல்லே நிற்கிறது. கணிதத்துக்கு அரபியில் வழங்கும் 'ரியாளிய்யாத்' என்ற பெயரும் இதிலிருந்தே வந்தது. உடலையும் உள்ளத்தையும் எண்ணையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழியைக் கற்றவர்கள், உடலை மட்டும் வாயிற்படிக்கு வெளியே நிறுத்துவது என்ன நியாயம்? இப்னு சீனா (980-1037) 'அல்கானூன்' என்னும் தம் மருத்துவப் பெருநூலின் முதற்பாகத்தில், உடல்நலங் காக்கும் வழிகளைச் சொல்லப் புகுந்தவர் உணவுக்கும் உறக்கத்துக்கும் முன்னதாக உடற்பயிற்சியை வைத்தார். மூச்சு ஆழ்ந்தும் விரைந்தும் வாங்குமாறு விரும்பிச் செய்யும் அசைவே பயிற்சி என்று இலக்கணமும் வகுத்தார். அவரை மூளையில்லாதவர் என்று எவரேனும் சொல்வாரா?

நம் தமிழில் வழங்கும் 'பயில்வான்' என்ற சொல்லுக்கும் கதையுண்டு. பயில்பவன் பயில்வான் என்று கேட்போர் எண்ணுவர், அழகிய எண்ணந்தான். ஆனால் அது பாரசீகத்துப் 'பஹ்லவான்' இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்து பெற்ற உருவம். பாரசீகத்தில் அப்பெயர் வெறும் தோள்வலியால் கிடைத்துவிடாது. அங்கே 'ஸூர்கானா' என்று பயிற்சிக்கூடம் உண்டு. வலிமையின் இல்லம் என்பது பொருள். அதன் வாயில் தாழ்வானது. எத்துணைப் பெரிய மல்லனும் தலைகுனிந்தே உள்ளே புக வேண்டும். நடுவே எண்கோண வடிவில் பள்ளம். அதில் இறங்கி நின்று பயில்வர். மேடையில் அமர்ந்த முர்ஷித் பறை கொட்டி மணியொலித்து ஃபிர்தௌஸியையும் ஸஅதியையும் ஹாஃபிளையும் ஓதுவார். அந்தத் தாளத்துக்குக் கட்டை சுழலும். கவிதை கேட்டுக்கொண்டே கசரத்து எடுப்பவர்கள் அவர்கள். ஏட்டைத் தூக்காதவர்கள் என்று அவர்களைச் சொல்ல இயலுமா? 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்வழக்கத்தை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அங்கே சுழலும் 'மீல்' என்னும் கட்டையும் நம் ஊர்க் கர்லாக்கட்டையும் உடன்பிறப்புகள் போலத் தோன்றும். இந்தியக் கட்டையை ஆங்கிலேயர் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது.

அந்த மண்ணில் தோன்றியவர் குலாம்ரிஸா தக்தி. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் மற்போரில் தங்கம் வென்றவர். 1962-இல் பூயின் ஸஹ்ரா வட்டாரத்தில் நிலம் நடுங்கிப் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டபோது, தெஹ்ரான் தெருக்களில் தாமே இறங்கி நடந்து மக்களிடம் பொருள் திரட்டினார். ஈரானியர் இன்றும் அவரை நினைவுகூர்வது தங்கப் பதக்கத்துக்காக மட்டுமன்று. தோள் திரண்டவன் அடியாளாகத்தான் முடிவான் என்போர் இவரை எந்த வரிசையில் நிறுத்துவர்?

பழம்பெருமை போதும், இன்றைய ஜிம்முக்கு வாரும் என்பர் நண்பர்கள். வந்தோம். நம் ஊர்க் கடைத்தெருவில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் உள்ள கூடத்துக்கு அஸருக்குப் பின் பல நாள் சென்றிருந்து பார்த்தோம். மின்விசிறி இரண்டு, துருவேறிய எடைத்தட்டுகள், ஒட்டுப்போட்ட பெஞ்சுகள். வருவோர் யார்? பட்டறைத் தொழிலாளி, துணிக்கடைப் பையன், வங்கி எழுத்தர், ஓய்வுபெற்ற ஓட்டுநர், கல்லூரி மாணவர். செல்வச் செருக்குடையார் எவரையும் காணோம். அவர்கள் வேறெங்கோ குளிரூட்டிய கூடங்களுக்குச் செல்வர் போலும். முதலில் நம் கருத்தைக் கவர்ந்தது ஒரு குறிப்பேடு. பட்டறைப் பையன் ஒவ்வொரு 'செட்' முடிந்ததும், எத்தனை கிலோ, எத்தனை 'கவுண்ட்' என்று அதில் குறிக்கிறான். சென்ற மாதக் கணக்கோடு ஒப்பிட்டு இரண்டரைக் கிலோ கூட்டலாமா என்று மாஸ்டரிடம் கேட்கிறான். நம் வகுப்பில் இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பெழுதும் மாணவர் எத்தனைபேர்?

ஒரே அசைவை மீண்டும் மீண்டும் செய்வது மூடத்தனம் என்று ஒரு கேலி உண்டு. ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ என்று ஸர்ஃபுப் பாடத்தை நூறுமுறை ஓதி நாவில் ஏற்றியவர்கள் இதைச் சொல்லலாமா? அரபு வினைச்சொல் நாவில் ஏறும் வழியும் பளு தோளில் ஏறும் வழியும் ஒன்றே. பழகப் பழக அளவைச் சிறிது சிறிதாய் உயர்த்துவது, உயர்த்தியபின் ஓய்வு கொடுப்பது. வேறு வழி இல்லை.

அடுத்தது கண்ணாடி. சுவரெல்லாம் கண்ணாடி பதித்திருப்பது தற்பெருமைக்கே என்று கூட்டத்துப் பேச்சாளர் முடிவு கட்டினார். தோளில் கம்பியைத் தாங்கி உட்கார்ந்து எழும்போது முதுகு வளைகிறதா, முழங்கால் உட்புறம் சாய்கிறதா என்று தானே பார்க்க வேறு கண் ஏது? தவறாகத் தூக்கினால் இடுப்பு போய்விடும். தம் அழகை வியப்போரும் அங்கே இல்லாமல் இல்லை. செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டே பொழுதைக் கழிக்கும் இருவரைக் கண்டோம். ஆனால் தம் கவிதைத் தொகுப்பின் அட்டையில் தம் படத்தையே பெரிதாக அச்சிடும் புலவர்களை நாம் அறிவோம். தற்பெருமை இரும்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு வருவதன்று.

இன்னொரு காட்சியும் உண்டு. மார்புக்கு மேல் கம்பியை ஏந்திப் படுத்திருப்பவன், "அண்ணே, ஒரு சப்போர்ட்" என்கிறான். பக்கத்தில் இருப்பவர் யாரோ எவரோ, தம் வேலையை விட்டு வந்து தலைமாட்டில் நிற்கிறார். கம்பியைத் தொடுவதில்லை, கைகளை அதன் அடியில் ஏந்தியபடி காத்திருக்கிறார். இவன் தளரும் கணத்தில் மட்டும் விரல்நுனியால் தாங்குகிறார். என்ன மதம், என்ன குலம் என்று எவரும் கேட்டதாக நாம் காணவில்லை. தடியர்களின் கூடாரம் என்று இகழப்படும் இடத்தின் நடைமுறை இது.

சத்துவாச்சாரி வேலூரை ஒட்டிய பகுதி. அங்கிருந்து புறப்பட்ட சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் பளுதூக்குதலில் தங்கம் வென்றார். கிளாஸ்கோவில் இரு வகையிலுமாக அவர் தூக்கியது 328 கிலோ. பதக்கம் வந்தபின் பாராட்டுவோர், வரும்முன் அதே பிள்ளையைப் பார்த்து, "படிப்பு வராததால் கம்பி தூக்குகிறான்" என்று சொல்லத் தயங்குவதில்லை.

உழைப்பவனுக்கு எதற்கு ஜிம் என்று கேட்போர் ஒரு சாரார். மூட்டை சுமப்பவன் ஒரே தோளில், ஒரே பக்கமாய், ஓய்வின்றி, உடல் கேட்கும் அளவுக்கன்றிக் கூலி கேட்கும் அளவுக்குச் சுமக்கிறான். அது உடலைத் தேய்ப்பது. பயிற்சி அளவறிந்து ஏற்றி இறக்குவது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் உழைப்பையும் அறியார், பயிற்சியையும் அறியார். பளு தூக்கினால் பெண் ஆணாகிவிடுவாள் என்பது மற்றொரு கூற்று. தசையைப் பருக்கச் செய்யும் சுரப்பு பெண்ணுடலில் மிகக் குறைவு. மாறாக, மாதவிலக்கு நின்றபின் எலும்பு மெலியும் பருவத்துப் பெண்டிர்க்குத்தான் இப்பயிற்சி மிக வேண்டும். மகளிர்க்குத் தனி நேரம் ஒதுக்கும் கூடங்கள் இன்று சிற்றூர்களிலும் வந்துவிட்டன.

பொருள் இளைஞரோடு முடிவதுமன்று. பள்ளிவாசலில் நாற்காலி வரிசை ஆண்டுக்கு ஆண்டு நீள்வதைக் காண்கிறோம். அறுபதைத் தொடாதவர்களும் ஸஜ்தாவிலிருந்து எழ இயலாமல் அங்கே போய் அமர்கின்றனர். நோயால் அமர்வோரைச் சொல்லவில்லை. தொடைத்தசை பயனின்றி வற்றியதால் அமர்வோரைச் சொல்கிறோம். வயது ஏற ஏறத் தசை கரையும். பயன்படுத்தாவிடில் விரைந்து கரையும். உண்ட சர்க்கரையின் பெரும்பகுதியை ஏற்றுச் செலவிடும் களஞ்சியமும் தசையே. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. வாரத்தில் இரு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்க என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வழிகாட்டியது. முதியோரையும் அது விலக்கவில்லை. காலை முதல் மாலை வரை கிதாபின் முன் குனிந்தமரும் நம் வர்க்கத்தாருக்கன்றோ இது முதலில் எட்ட வேண்டும்!

குறையே இல்லையா? உண்டு. பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. தொடை தெரியும் கால்சட்டை பற்றி ஆலிம்கள் எழுப்பும் ஆட்சேபம் நியாயமானதே; ஒரு சாண் துணி கூடினால் தீர்ந்துபோகும் ஆட்சேபம் அது. அதற்காகக் கூடத்தையே விலக்குவது, சட்டையில் பொத்தான் இல்லை என்று சட்டையை எரிப்பதாகும்.

மெய்யான கேடு ஊசியும் மாத்திரையுமாகும். தசை பெருக்கும் ஸ்டீராய்டை மருத்துவர் கண்காணிப்பின்றி ஏற்றிக்கொள்வோருக்கு இதயம் கெடும், கல்லீரல் கெடும், ஆண்மைச் சுரப்பு ஒடுங்கும். ஆனால் நம்மவர் இதைப் பேசும் விதம் விந்தையானது. பால் திரிந்து பாலாடைக்கட்டி செய்கையில் பிரியும் நீரை உலர்த்தி எடுக்கும் புரதப் பொடியையும் இந்த ஊசியையும் ஒன்றெனக் குழப்பிவிட்டு, இரண்டையும் சேர்த்து ஏசுகின்றனர். பையன் இரண்டையும் அறிந்தவன். பெரியவர் அறியாமற் பேசுகிறார் என்று ஒருமுறை கண்டுகொண்டால், ஊசியைப் பற்றி அவர் சொல்லும் உண்மையையும் அவன் செவியில் ஏற்க மாட்டான்.

அப்புறம் அவன் யாரிடம் கேட்பான்? வீட்டில் தந்தை ரவுடி என்கிறார். வகுப்பில் ஆசிரியர் மூளையில்லாதவன் என்கிறார். மேடையில் பேச்சாளர் கண்ணாடிப் பித்தன் என்கிறார். மூன்று மாதத்தில் தோள் திரளும் என்று வாக்களிப்பவன் ஒருவன்தான் அவனிடம் அன்போடு பேசுகிறான். அவன் பையில் ஊசி இருக்கிறது. அக்கூடத்தில் படித்த பெரியவர் நால்வர் மாலைதோறும் வந்து தம் பங்குக்கு ஐந்து கிலோவேனும் தூக்கிக்கொண்டிருந்தால், அந்தப் பையைத் திறக்க அவனுக்குக் கூச்சம் வந்திருக்கும். நம் ஊர்க் கூடத்தில் மாதக் கட்டணம் இத்தனை என்று சுவரில் எழுதியிருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் பாதிக் கட்டணம் என்றும் அதன் கீழே எழுதியிருக்கிறது. இதுவரை அந்தச் சலுகையைக் கேட்டு வந்தவர் அந்த ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரே என்று மாஸ்டர் சொன்னார்.