எல்லை தாண்டும் வண்டியும் சட்டமும்

சாலையில் ஓடும் வண்டிகளைப்பற்றி நமது தேசத்தில் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாலையை விட்டிறங்கி மலையிலும் மணலிலும் ஆற்றுப்படுகையிலும் ஓட்டப்படும் வண்டிகள் விஷயத்தில் ஜனங்களுக்கும் தெளிவில்லை, உத்தியோகஸ்தர்களுக்கும் தெளிவில்லை. அதிலும், ஒரு ராஜ்யத்தில் பதிவான வண்டியை மற்றொரு ராஜ்யத்துக்குக் கொண்டுபோய் இவ்வாறு ஓட்டப் புகுந்தால் குழப்பம் இரட்டிக்கிறது. ‘சாலையில்லாத இடத்தில் சட்டம் ஏது?’ என்று வண்டிக்காரர் நினைக்கிறார். ‘அயல் ராஜ்யத்து எண் தாங்கிய வண்டிதானே, நிறுத்தி வைப்போம்’ என்று சோதனைச் சாவடியில் உள்ளவர் நினைக்கிறார். இருவர் நினைப்பும் தவறு என்பதே நமது அபிப்பிராயம். முன்னவர் தவறினால் உயிர்ச்சேதமும் வனச்சேதமும் உண்டாகின்றன. பின்னவர் தவறினால் இந்தியப் பிரஜையின் உரிமை கெடுகிறது. ஆகையால் இவ்விரண்டையும் ஒருங்கே விசாரிப்பது அவசியமாகிறது.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்புகளும், மோட்டார் சைக்கிளைப்போல் ஏறி அமர்ந்து தடித்த நான்கு சக்கரங்களின்மேல் ஓட்டும் ஏ.டி.வி. என்னும் வண்டிகளும் இன்று வாலிபர்களின் மனத்தைக் கவர்ந்திருக்கின்றன. நமது பக்கத்திலிருந்து இடுக்கி மலைகளுக்கும் குடகுக்கும் கோவாவுக்கும், அதற்கப்பால் இமாசலத்துக்கும் லடாக்குக்கும் வண்டியோடு பிரயாணம் செய்வோர் பலர். தேசத்தின் மூலைமுடுக்குகளை நமது பிள்ளைகள் கண்ணாரக் காண்பது நல்லதே. அதனை நாம் ஒருபோதும் குறைகூற மாட்டோம். ஆனால் புறப்படுமுன் சட்டம் என்ன சொல்லுகிறதென்று அறிந்துகொள்வது அவர்கள் கடமையாகும்.

முதலில் பிரஜையின் உரிமையைக் கூறுவோம். 1914-ஆம் வருஷத்திய மோட்டார் வண்டிச் சட்டத்துக்குப் பதிலாக 1939-இல் ஒன்றும், அதற்குப் பதிலாக 1988-இல் மற்றொன்றும் இயற்றப்பட்டன. 1989 ஜூலை முதல் தேதியிலிருந்து அமுலில் இருப்பது இந்தக் கடைசிச் சட்டமே. இதன் 13-வது பிரிவின்படி ஓர் ராஜ்யத்தில் பெற்ற டிரைவிங் லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லும். 46-வது பிரிவின்படி ஓர் ராஜ்யத்தில் பதிவான வண்டியை வேறெங்கும் மறுபடி பதிவு செய்யவேண்டியதில்லை. ஒரே ராஜ்யத்தில் 12 மாதத்துக்குமேல் வண்டியை வைத்திருந்தால்தான் 47-வது பிரிவின்படி புது எண் வாங்கவேண்டும். பத்து நாள் பிரயாணத்துக்கு வந்தவரிடம் ‘ஏன் இங்கே பதிவு செய்யவில்லை?’ என்று கேட்க எந்த உத்தியோகஸ்தருக்கும் அதிகாரமில்லை. பத்திரங்களைக் காகிதமாகவே காட்டவேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. 2018-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி டிஜிலாக்கர் வழியாகக் காட்டினாலும் போதும்.

வரி விஷயம் வேறு. வாகன வரி, அரசியல் சட்டத்தின் ராஜ்யப் பட்டியலில் 57-வது இனமாக இருக்கிறது. இது பற்றிய வழக்கு பழையது. அஜ்மீர் தனி ராஜ்யமாக இருந்த நாளில், நசீராபாத்திலிருந்து தேவ்லிக்குச் சென்ற பஸ்கள் வழியில் ராஜஸ்தானத்தின் குறுகிய நிலத்துண்டுகளைக் கடக்க நேர்ந்தது. அதற்காக ராஜஸ்தான் வரி கேட்டது. 1962-இல் சுப்ரீம் கோர்ட்டார் அவ்வரி செல்லும் என்றே தீர்ப்பளித்தனர். 2016-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அத்தீர்ப்பின் காரணங்களை மாற்றியமைத்த போதிலும், பாரபட்சமில்லாத வரி வர்த்தக சுதந்திரத்தைக் கெடுக்காது என்றே முடிவு கூறிற்று. வரி விதிக்கும் உரிமை ராஜ்யங்களுக்கு இருக்கிறது. ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. அயல் வண்டி 30 நாளுக்குமேல் தங்கினாலே ஆயுட்கால வரி செலுத்தவேண்டும் என்று கர்நாடகம் 2014-இல் செய்த திருத்தத்தை, அந்த ராஜ்யத்தின் ஹைகோர்ட்டே 2016-இல் செல்லாதென்று தள்ளியது.

இனிப் பிரஜையின் கடமைக்கு வருவோம். சாலை இல்லாத இடத்தில் சட்டமும் இல்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ நாம் அறியோம். சட்டம் ‘சாலை’ என்று மட்டும் பேசவில்லை. ‘பொது இடம்’ என்று பேசுகிறது. பொதுஜனங்கள் செல்ல உரிமையுள்ள எந்த இடமும், அது வழியாயினும் அல்லவாயினும், பொது இடமே என்பது 2-வது பிரிவின் வியாக்கியானம். கடற்கரை மணலும் ஆற்றுப்படுகையும் மேய்ச்சல் வெளியும் அதில் அடங்கும். 2023 டிசம்பரில் இமாசலத்து லாஹௌல் பகுதியில், நெரிசலுக்குத் தப்பச் சந்திரா நதிக்குள்ளேயே ஜீப்பை இறக்கி ஓட்டிய பிரயாணி ஒருவர்மீது மோட்டார் வண்டிச் சட்டப்படியே அபராதம் விதிக்கப்பட்டது. நதிக்குள் சாலை இல்லை, சட்டம் இருந்தது.

லைசென்ஸும் இன்ஷியூரன்ஸும் பொது இடத்துக்கு வேண்டுமென்று சட்டம் கூறுகிறது. பதிவைப் பற்றிய 39-வது பிரிவோ இன்னும் ஒரு படி மேலே சென்று, ‘பொது இடத்திலோ வேறெந்த இடத்திலோ’ பதிவில்லாத வண்டியை ஓட்டக்கூடாது என்கிறது. வேலியடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட விசேஷ வண்டிகளே இதற்கு விலக்கு. ஒரிஸ்ஸாவில் சுரங்கத்துக்குள் ஓடிய வண்டிகளைப் பற்றிய 1974-ஆம் வருஷத்துத் தீர்ப்பும், விசாகப்பட்டணம் உருக்காலை வளாகத்துக்குள் ஓடிய வண்டிகளைப் பற்றிய 2025-ஆம் வருஷத்துத் தீர்ப்பும் இந்த விலக்கின் எல்லையை விளக்குகின்றன. வளாகத்துக்குள் இருக்கும்வரை வரியில்லை; வெளியே வந்தால் விலக்கும் இல்லை.

ஏ.டி.வி. வண்டிகளின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. பதிவு பெறவேண்டுமானால் அந்த மாதிரி வண்டி சர்க்கார் அங்கீகரித்த சோதனைச் சாலையில் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். இவ்வண்டிகளிற் பெரும்பாலானவை சாலைக்கென்று செய்யப்படாதவை. ஆகையால் அப்பரீட்சைக்கே வருவதில்லை. சொந்த ராஜ்யத்தில் பதிவில்லாத வண்டிக்கு அயல் ராஜ்யத்தில் 46-வது பிரிவின் பாதுகாப்பு எப்படிக் கிடைக்கும்? அதனை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், வேலியடைத்த திடலில் உரிமையாளர் சம்மதத்தோடு ஓட்டலாம். அங்கிருந்து கிராமச் சாலையில் கால் மைல் ஓட்டினாலும் குற்றமே. முதல் குற்றத்துக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அதற்குத் தனியே 5,000 ரூபாய். வயது வராத சிறுவனிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி தகப்பனாருக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு மூன்று வருஷம் வரை சிறைவாசமும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். உல்லாச விடுதிகளில் பத்து வயதுக் குழந்தைகளை இவ்வண்டிகளில் ஏற்றி அனுப்பிவிட்டுப் படம் பிடிக்கும் பெற்றோர் இதனை மனத்திற் கொள்வார்களாக.

ஜீப் வைத்திருப்போருக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. பெரிய சக்கரம் மாட்டுவது, உடலை உயர்த்துவது, கூரையை வெட்டுவது முதலிய மாறுதல்களைச் செய்துவிட்டு எல்லை தாண்டுகிறார்கள். பதிவுப் பத்திரத்தில் குறித்துள்ள, உற்பத்தியாளர் நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்பது 52-வது பிரிவு. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டாரும் இதனை வற்புறுத்தியிருக்கின்றனர். ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்லுகிறது. இன்ஷியூரன்ஸ் பாலிஸிகளில் பந்தயத்துக்கும் வேகப் பரீட்சைக்கும் வண்டியை உபயோகித்தால் பொறுப்பில்லை என்ற நிபந்தனை சாதாரணமாகவே காணப்படுகிறது. வாடகை வண்டிக்குரிய எண் பலகை இல்லாத சொந்த ஜீப்பை அயலூரில் வாடகைக்கு வாங்கி ஓட்டுவோர் நிலைமையும் இதைவிட மேலானதன்று. விபத்து நேர்ந்த பிறகே இந்த நிபந்தனைகளையெல்லாம் படிப்பது நமது வழக்கமாயிருக்கிறது.

மோட்டார் சட்டத்தோடு விஷயம் முடியவில்லை. நிலம் யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. சரணாலயத்துக்குள் பிரவேசிக்க 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிச் சீட்டு வேண்டும். ரோதங் கணவாய்க்கு ஒரு நாளில் 800 பெட்ரோல் வண்டிகளும் 400 டீசல் வண்டிகளுமே போகலாமென்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நிர்ணயித்தது. நாகாலாந்து, மிஜோரம், அருணாசலம், மணிப்பூர் ஆகிய ராஜ்யங்களில் நுழைய, 1873-இல் வெள்ளையர் இயற்றிய ரெகுலேஷனின்படி உள்கோட்டு அனுமதி வேண்டும். அந்நியர் கையால் பிறந்த சட்டமாயினும் மலைவாசிகளின் நிலத்தைக் காக்க அவர்களே விரும்பி வைத்திருப்பதால், நாமும் அதனை மதித்து நடக்கவேண்டியதே. தேயிலைத் தோட்டம் தனியார் சொத்தென்று நம்பி 2022 மே மாதம் இடுக்கி ஜில்லா வாகமண்ணில் அனுமதியின்றி ஜீப் ஓட்டியவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டக்காரர் சம்மதித்தால் போதாது. ஜில்லா அதிகாரியின் அனுமதியும் வேண்டியிருந்தது.

நமக்கு மிக அருகில் உள்ள உதாரணம் கொழுக்குமலை. மலை தேனி ஜில்லாவைச் சேர்ந்தது. ஜீப் ஏறும் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து செல்லுகிறது. தமிழ்நாட்டு நிலத்தைக் காணத் தமிழர் அயல் ராஜ்யத்து வழியே ஏறுகிறார்கள். எல்லைக்கோடு காகிதத்தில் இருப்பதுபோல் மலையில் இல்லை. இத்தகைய இடத்தில் இரு ராஜ்யங்களின் விதிகளும் ஒரே பலகையில், இரு பாஷைகளிலும் எழுதப்பட்டிருந்தாலன்றி ஏழைப் பிரயாணி எதை அறிவான்?

அமெரிக்காவில் ராஜ்யத்துக்கு ராஜ்யம் விதி வேறுபடுகிறது. கலிபோர்னியாவில், தமது சொந்த ராஜ்யத்தில் பதிவு செய்யாத இத்தகைய வண்டியைக் கொண்டுவரும் அயலார் தனி அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். யூட்டாவில் 2023 முதல் இவ்வண்டிகளை ஓட்டுவோர் ஒரு சிறு படிப்பை முடித்திருக்க வேண்டும். வேற்றுமை அங்கே அதிகந்தான். ஆனால் சாலைக்கு உதவாத வண்டிக்கென்று தனிப் பதிவு இருக்கிறது. அயலார் செலுத்தவேண்டிய கட்டணம் முன்கூட்டியே தெரிகிறது. நம்மிடமோ ஒரே சட்டம் இருந்தும், அந்த வண்டிக்கு அதில் இடமில்லை.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, மத்திய சர்க்கார் சாலையல்லாத நிலத்தில் ஓடும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு வகுப்பை ஏற்படுத்தி, அதற்குரிய இன்ஷியூரன்ஸையும் ஓட்டுவோரின் வயதையும் நிர்ணயித்து, அந்தப் பதிவு இந்தியா முழுவதும் செல்லுமாறு செய்யவேண்டும். உத்தியோக நிமித்தம் ஊர் மாறுவோருக்காக 2021 செப்டம்பரில் பி.ஹெச். எண் வரிசை ஏற்பட்டது. மனமிருந்தால் அகில இந்தியப் பதிவு சாத்தியமே என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டாவது, ஒவ்வொரு ராஜ்யமும் வண்டியோட்டத் திறந்துள்ள தடங்கள் எவை, மூடியவை எவை, யாரிடம் அனுமதி கேட்கவேண்டும், கட்டணம் எவ்வளவு என்பவற்றை அச்சிட்டு எல்லைச் சாவடியிலேயே ஒட்டவேண்டும். விதி எழுத்தில் தெரிந்தால் கைலஞ்சத்துக்கு இடம் குறையும். மூன்றாவது, பன்னிரண்டு மாத விதியை மீறி அயல் வண்டிகளை நிறுத்தி வைக்கும் உத்தியோகஸ்தர்மீது இலாகா நடவடிக்கை எடுக்கப்படவேண்டும்.

சர்க்கார் இவற்றைச் செய்யும்வரை பிரயாணிகள் காத்திருக்க வேண்டியதில்லை. லைசென்ஸ், பதிவுப் பத்திரம், இன்ஷியூரன்ஸ், புகைச் சான்று ஆகிய நான்கையும் வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டோ பெல்ட்டோ அணிந்து, நிலத்துக்குரியவரிடமும் வன இலாகாவிடமும் கேட்டுக்கொண்டு போகட்டும். ஆமை முட்டையிடும் மணலையும், பசுமாடு மேயும் புல்வெளியையும், அடுத்த ஊரார் குடிக்கும் ஓடையையும் சக்கரத்தால் உழுவது வீரமாகாது. அயல் ராஜ்யம் அயல் தேசமன்று. அங்குள்ள காடும் நமது காடே. இந்த எண்ணம் பிரயாணிக்கும் சாவடி உத்தியோகஸ்தருக்கும் ஒருங்கே உண்டாகுமானால், பாதிச் சட்டங்களுக்கு வேலையே இராது என்று நாம் நம்புகிறோம்.