கீசர் டிரிப் ஆனா ஈஎல்சிபி மேல ஏன்யா பழி போடறீங்க?

மக்களே, இது கொஞ்சம் சீரியஸ் பதிவு. கும்மி அடிக்க வந்தவங்க அடுத்த பதிவு வரைக்கும் பொறுத்துக்குங்க :)

பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம்னு இந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கறவங்களுக்கு போர் தண்ணியோட மகிமை தெரியும். பக்கெட்டிலேயே வெள்ளையா உப்பு படியுது, கீசர் உள்ளே கேக்கணுமா? எலிமெண்ட் மேல ஓடு மாதிரி கட்டிடும். தண்ணி சூடாக லேட் ஆகுதேன்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டா, சுரண்டி, ஆசிட் ஊத்தி, பளபளன்னு மாட்டித் தருவார். ஸ்விட்சைப் போட்டா... டப்! மொத்த போர்ஷனுக்கும் கரண்ட் காலி. நைட் ஷிப்ட் முடிச்சு தூங்கறவனோட ஃபேனும் சேர்த்து.

அடுத்து வர்ற டயலாக் எல்லா வீட்டுலயும் ஒண்ணுதான். "ஈஎல்சிபி வீக் ஆயிடுச்சு சார், கழட்டிட்டு டைரக்டா குடுத்துடறேன்." சில பேர் கீசரோட எர்த் ஒயரை மட்டும் வெட்டி விடுவாங்க. டிரிப் நின்னுடும். ஓனருக்கும் சந்தோஷம், காலை ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கறவனுக்கும் சந்தோஷம்.

நம்ம பொழப்புல சொன்னா, யூனிட் டெஸ்ட் ஃபெயில் ஆகுதுன்னு டெஸ்ட்டையே கமெண்ட் பண்ணிட்டு ரிலீஸ் பண்ற மாதிரி. அங்கே போனா கஸ்டமர் கத்துவான். இங்கே ஈரத்தோட நிக்கற ஆள் போயிடுவான்.

உள்ளே நடக்கறது இதுதான். எலிமெண்ட்ங்கறது ஒரு குழாய். நடுவுல நிக்ரோம் சுருள், சுத்தி மெக்னீசியம் ஆக்சைடு பவுடர். சூட்டைக் கடத்தும், கரண்ட்டைக் கடத்தாது. ஆனா ஈரத்தை நல்லா உறிஞ்சும். கிளீன் பண்றப்போ டெர்மினல் பக்கம் தண்ணி இறங்கினா கரண்ட் பாடிக்கு கசிய ஆரம்பிக்கும். ஏற்கெனவே அரிச்சிருந்த குழாயா இருந்தா, சுரண்டலும் ஆசிட்டும் மிச்ச வேலையை முடிச்சிடும்.

ஈஎல்சிபி (இப்போ வர்றதெல்லாம் ஆர்சிசிபி, நாமதான் பழைய பேரை விடல) போற கரண்ட்டும் திரும்பற கரண்ட்டும் சமமான்னு மட்டும் பாக்கும். வீட்டு மாடல்ல 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள்ள கட். 2000 வாட்ஸ் கீசர் இழுக்கறதே 8.7 ஆம்பியர். அதுல 30 மில்லி கசிஞ்சா 16 ஆம்பியர் எம்சிபிக்கு தெரியவே தெரியாது. அது ஒயரைக் காப்பாத்தற சாமான், ஆளை இல்ல. பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்சீல் ஆட்களை வச்சே சோதிச்சுப் பாத்தார்: பிடிச்சதை விட முடியாம கை இறுகிக்கற அளவு ஆண்களுக்கு சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அவர்தான் 1961ல அமெரிக்காவில இதே மாதிரி கருவியைக் கண்டுபிடிச்சவர்.

எர்த்தை வெட்டினா கசிவு நிக்கல சாமி, வழிதான் போச்சு. அடுத்த வழி நீங்க!

சரி, என்ன பண்ணலாம்? முதல்ல எந்த லீவர் விழுதுன்னு பாருங்க. எம்சிபின்னா ஒயர் மாத்தி மாட்டிருக்கும், இல்ல ஷார்ட். ஈஎல்சிபின்னா கசிவு. மெயினை ஆஃப் பண்ணிட்டு எலிமெண்ட்டோட ரெண்டு ஒயரையும் கழட்டி டேப் சுத்தச் சொல்லுங்க. அப்புறம் நின்னா, குத்தவாளி எலிமெண்ட்தான். மல்டிமீட்டர் "எல்லாம் ஓகே"ன்னு சொன்னா நம்பிடாதீங்க, அதோட பேட்டரி வோல்டேஜுக்கு இந்தக் கசிவு காட்டாமலே போகலாம். 500 வோல்ட் மெக்கர் வேணும். கீசர் ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தும் டிரிப் ஆகுதா? நியூட்ரல் பாடியில தொடுதான்னு பாருங்க. வெறும் ஈரம்னா எலிமெண்ட்டைக் கழட்டி ஒரு நாள் நல்ல வெயில்ல வச்சா சரியாகலாம். ஆகலைன்னா புதுசு போடுங்க, சில நூறு ரூபாய் மேட்டர்.

ஈஎல்சிபியும் ரிப்பேர் ஆகும், இல்லேங்கல. எல்லா லைனையும் கழட்டின பிறகும் விழுந்தா அதை மாத்துங்க. மாத்தச் சொன்னேன், தூக்கச் சொல்லல. 2010ல வந்த மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு விதிகள்லயே இதுக்கு இடம் இருந்துச்சு. ஃபேன் நிக்குதுன்னு புலம்பறவங்களுக்கு கீசர் லைனுக்கு தனி ஈஎல்சிபி போட்டுக் குடுத்தா பஞ்சாயத்தே வராது. ஓனர்கள் இதுக்கு ஏன் மூக்கால அழறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல.

பி.கு: வீடு பாக்கப் போறப்போ டைல்ஸ், பார்க்கிங் எல்லாம் பாக்கறோம். மீட்டர் பாக்ஸையும் திறந்து, ஈஎல்சிபில இருக்கற டெஸ்ட் பட்டனை ஒரு அமுக்கு அமுக்குங்க. விழலைன்னா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே மாத்தச் சொல்லிடுங்க. குடுத்தப்புறம் ஓனர் போன் எடுக்க மாட்டார்.