டன்னின் காதலி யார்?

ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் காதல் கவிதைகளைப் படிப்பவர் உடனே கேட்பது, இதில் வரும் பெண் யார் என்பதுதான். அவருடைய வாழ்க்கையே அப்படிக் கேட்கத் தூண்டுகிறது. 1601 டிசம்பரில், தாம் செயலாளராக இருந்த தாமஸ் எகர்டனின் மனைவிக்கு உறவினரான ஆன் மோரை, அவளுடைய தந்தைக்குத் தெரியாமல் மணந்துகொண்டார். வேலை போயிற்று, லண்டன் ஃப்ளீட் சிறையில் சில காலம் அடைபட்டார். பிறகு பல ஆண்டுகள் பிறர் தயவில் குடும்பம் நடந்தது. 1617இல், பன்னிரண்டாவது பிரசவத்தை அடுத்து ஆன் இறந்தாள்.

ஆனால் எந்தக் கவிதை யாருக்காக, எப்போது எழுதப்பட்டது என்று சொல்லப் பெரும்பாலும் சான்று இல்லை. கவிதை அன்று புழங்கிய விதமே இதற்குக் காரணம். அரசுப் பதவியை நாடும் கனவான் காதல் கவிதையை அச்சேற்றினால் மதிப்புக் குறையும். எனவே தாளில் எழுதி நண்பரிடம் கொடுப்பார். நண்பர் படியெடுத்து இன்னொருவருக்குத் தருவார். படியெடுக்க எடுக்கச் சொற்கள் மாறின, தலைப்புகள் மாறின. தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை. டன்னின் கவிதைத் தொகுப்பு 1633இல்தான், அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, அச்சில் வந்தது. அவர் கைப்பட எழுதிய ஆங்கிலக் கவிதை 1970இல் ஒன்று கிடைத்தது. அதுவும் உயர்குடிப் பெண்மணி ஒருவருக்கு எழுதிய பாட்டுக் கடிதம்.

இந்த வெற்றிடத்தை ஒரு கதை நிரப்பிவிட்டது: இளமையில் காதலில் திளைத்தவர், பின்னால் பக்தராகித் திருந்தினார் என்ற கதை. இதற்கு வித்திட்டவர் டன்னேதான். 1619இல் எழுதிய கடிதம் ஒன்றில், தம் பழைய நூல் 'ஜாக் டன்' எழுதியது, 'டாக்டர் டன்' எழுதியதல்ல என்றார். 1640இல் அவருடைய வரலாற்றை எழுதிய ஐசக் வால்டன் இந்த வடிவத்தை உறுதியாக்கினார். வால்டன் அவரைக் கடைசிக் காலத்தில், திருச்சபைக் குருவாகவே அறிந்தவர். அவருடைய அன்பை நான் மதிக்கிறேன், கால வரிசையை நம்பவில்லை. பக்திக் கவிதைகளில் பலவற்றை டன் 1615இல் குருப்பட்டம் பெறுவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து.

அதே நூற்றாண்டில் அயர்லாந்தின் ஐரிஷ் மொழிப் புலவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பாட்டே பிழைப்பு. புரவலர் பெயரும் வாழ்வும் சாவும் பாட்டிலேயே பதிவாகும். அதைக்கொண்டு காலத்தைக் கணிக்கலாம். அவர்களில் ஒருவரான டாவி ஓ புருவடர் தம்மை ஆதரித்த குடும்பங்கள் நிலம் இழந்ததையும், தாம் வறுமையில் மதிப்பிழந்ததையும் வெளிப்படையாகவே பாடினார். 1691இல் அயர்லாந்தின் லிமெரிக் நகரம் வீழ்ந்ததும், கத்தோலிக்கப் பிரபுக்களின் அழிவை உடைந்த கப்பலாகப் பாடினார். அந்தப் பாட்டில் வருவது யார், எப்போது என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை.