கக்குற பிள்ளை தக்கும்!

நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு: கக்குற பிள்ளை தக்கும். பால் குடிச்சிட்டு கொஞ்சத்தை வெளியே தள்ளுற குழந்தை நல்லாத்தான் வளரும், பயப்படாதேன்னு அர்த்தம். இந்த மூணே வார்த்தையில இருக்கிற மருத்துவ அறிவு இன்னைக்குப் பல மருந்துச் சீட்டுகள்ல இல்லைங்கிறதுதான் என் கோபம்.

மூணு மாசக் குழந்தைன்னு வச்சுக்குங்க. நல்லா பால் குடிக்குது, சிரிக்குது, எடை ஏறுது. தோள்ல போட்டா மட்டும் சட்டையை நனைக்குது. உடனே வீட்ல பஞ்சாயத்து ஆரம்பம். "உரம் விழுந்திருக்கு"ன்னு ஒருத்தர். "தொக்கம் எடுத்துட்டு வா"ன்னு இன்னொருத்தர். "கிரைப் வாட்டர் குடு"ன்னு மூணாமவர். கொஞ்சம் படிச்சவங்களா இருந்தா "அசிடிட்டி, சொட்டு மருந்து வாங்கிடு". எல்லாம் முடிஞ்சு கடைசியா தீர்ப்பு தாய் தலையில விழும்: "உன் பால் பிள்ளைக்குச் சேரலம்மா, டப்பா பாலுக்கு மாத்திடு."

ஒரு நிமிஷம். முதல்ல இது ஏன் வருதுன்னு பார்ப்போம். உணவுக்குழாய் வயித்துல சேர்ற இடத்துல சுருக்குப்பை வாய் மாதிரி ஒரு தசை வளையம் இருக்கு. குழந்தைகளுக்கு அது அடிக்கடி தானாகவே தளரும். சாப்பாடு முழுக்கத் திரவம், வயிறு சின்னது, பாதி நாள் படுக்கை. அப்புறம் பால் மேல வராம என்ன செய்யும்? 1997-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வுப்படி, 4 மாசக் குழந்தைகள்ல 67 சதவீதம் தினம் ஒரு தடவையாவது கக்குது. 10-12 மாசத்துல அதுவே 5 சதவீதம். மூணுல ரெண்டு குழந்தைக்கு இருக்கிறதை நோய்னு சொன்னா, நோய் இல்லாதவங்கதான் சிறுபான்மை!

பி.காம் படிக்கிறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. இது மருத்துவத்தை விட வியாபாரம் சம்பந்தப்பட்டதுங்க. தானாகவே சரியாகப் போற ஒரு விஷயத்துக்கு மருந்து விக்கிறதை விட லாபமான தொழில் உண்டா? மூணாம் மாசம் மருந்து ஆரம்பிச்சா பத்தாம் மாசத்துக்குள்ள நின்னுடும். ஆரம்பிக்கலைன்னாலும் நின்னுடும். வேலை செஞ்சது குழந்தையோட வயசு, பேர் வாங்கினது பாட்டில். கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்த சரக்கு. ஆரம்பத்துல அதுல ஆல்கஹாலும் இருந்துச்சு, பிறகு எடுத்தாங்க. நம்பிக்கை மட்டும் தலைமுறை தலைமுறையா குறையவே இல்லை.

"மருந்து குடுத்த பிறகுதானே எங்க குழந்தைக்குச் சரியாச்சு?" இதானே அடுத்த கேள்வி. 2009-ல் வெளிவந்த ஒரு ஆய்வுல 162 குழந்தைகளை ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்கு லான்சோபிரசோல்ங்கிற அமிலம் குறைக்கிற மருந்தும், மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்தும் குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் 54 சதவீதம் குழந்தைகளுக்குக் குணம் தெரிஞ்சுது. அச்சு அசலா அதே கணக்கு! வித்தியாசம் எங்க வந்துச்சுன்னா, தீவிரமான பக்கவிளைவுகள் மருந்து சாப்பிட்ட பக்கம் 10 பேருக்கு, போலி மருந்துப் பக்கம் 2 பேருக்கு. ஆச்சரியமே இல்லை. இந்த மருந்து அமிலத்தைத்தான் குறைக்கும், பால் மேல வர்றதைத் தடுக்காது. அந்த அமிலம்தான் கிருமிகளுக்குக் காவல்காரன். காவல்காரனை அனுப்பிட்டா திருடன் வராம இருப்பானா?

மத்த மருந்துகளோட வரலாறும் பெருமைப்படுற மாதிரி இல்லை. ஒரு காலத்துல குழந்தைகளோட எதுக்களிப்புக்கு நிறையக் குடுத்த சிசாப்ரைடு, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும்னு தெரிஞ்சு 2000-ல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போச்சு. இந்தியாவுல தடை வந்தது 2011-ல்! ரானிடிடினைச் சந்தையில இருந்து எடுக்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் கேட்டுக்கிச்சு. டாம்பெரிடோன் 12 வயசுக்குக் கீழ வேண்டாம்னு 2019-ல் பிரிட்டன் முடிவு செஞ்சுது. இங்கயோ அது கைக்குழந்தைச் சொட்டு மருந்தாவே கிடைக்குது.

இதுல எனக்கு ரொம்ப வலிக்கிறது "உன் பால் சேரல"ங்கிற வார்த்தைதான். டப்பா பாலை விளம்பரம் செய்யக்கூடாதுன்னு 1992-லயே இந்தியாவுல சட்டம் வந்தாச்சு. ஆனா அந்த விளம்பரத்தை நம்ம சொந்தக்காரங்களே இலவசமா செஞ்சிட்டு இருக்காங்க. ஏற்கெனவே தூக்கம் இல்லாம இருக்கிற ஒரு அம்மாவை, பிள்ளை கக்கின ஒரே காரணத்துக்காக நல்ல தாய்ப்பாலை நிறுத்த வைக்கிறது அக்கிரமம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? ஒரே மூச்சுல வயிறு முட்டக் குடுக்காம, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. குடிச்ச பிறகு 20-30 நிமிஷம் நிமிர்த்திப் பிடிங்க. தூங்க வைக்கிறப்ப மல்லாக்க, சமமான இடத்துல. கக்குதேன்னு குப்புறப் போடுறதும் தலையணை வச்சு ஏத்துறதும் ஆபத்து. தோள்ல ஒரு துண்டு போட்டுக்குங்க. தொக்கம் எடுக்கிறேன்னு குழந்தையை யார் கையிலயும் குடுக்காதீங்க.

அதுக்காக எல்லாக் கக்கலும் சாதாரணம்னு நான் சொல்லலை. பச்சை நிறத்துல வாந்தி, ரத்தம், ஒவ்வொரு தடவை குடிச்ச பிறகும் பீய்ச்சி அடிக்கிற வாந்தி, எடை ஏறாதது, பால் வேண்டாம்னு அடம், ஒண்ணுக்குப் போறது குறையுறது, காய்ச்சல், 6 மாசத்துக்கு மேல புதுசா ஆரம்பிக்கிறது, ஒரு வயசுக்கு அப்புறமும் தொடர்றது... இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. பச்சை வாந்தின்னா விடியட்டும்னுகூடக் காத்திருக்காதீங்க.

இதெல்லாம் எதுவும் இல்லாத, எடை ஏறி சிரிக்கிற குழந்தைக்கு டாக்டர் மருந்து எழுதினா கூச்சப்படாம கேளுங்க: "எந்த நோய்க்கு இது? குடுக்கலைன்னா என்ன ஆகும்?" நாலு ரூபாய் கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குற நாம, இதைக் கேட்கலாம், தப்பில்லை.